ஸ்டெம் கிட் வேண்டாம், அரை கிலோ நெல் போதும்: டெல்டா பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஸ்டெம் செயல்பாடு ஏதாவது நடத்துங்கள்" என்று கூட்டத்தில் சொல்லிவிடுவார்கள். எதை, எப்போது, யார் காசில் என்பது மட்டும் சுற்றறிக்கையில் இருக்காது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அலைந்து, ஒருவழியாக எங்கள் பள்ளியில் நடத்தி முடித்த பிறகு எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நடுநிலைப்பள்ளியிலோ உயர்நிலைப்பள்ளியிலோ 6 முதல் 9ஆம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் (இவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்தான் ஸ்டெம்) நான்கையும் ஒரே செயல்பாட்டில் சேர்ப்பது என்றால், பிள்ளைகள் ஒரு பொருளை வடிவமைக்க வேண்டும். அந்தப் பொருள் வேலை செய்கிறதா என்பதை ஓர் எண் தீர்மானிக்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் அது கைவேலை வகுப்புதான். அழகாக இருக்கும், படம் எடுக்கலாம், பாடம் நடக்காது.

1. பிரச்சினையைப் பிடியுங்கள், பொருளைப் பிடிக்காதீர்கள்

பலரும் தொடங்கும் இடம் கிட். ஆன்லைனில் ரோபோ கிட் வாங்கி, அதற்குள் இருக்கும் தாளைப் பார்த்துப் பிள்ளைகள் திருகாணி முடுக்குவார்கள். அதில் வடிவமைப்பை முடித்தவர் கிட் தயாரித்தவர். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது கூலி வேலை. மத்திய அரசு பள்ளிகளில் அமைக்கும் செய்முறை ஆய்வகமான அடல் டிங்கரிங் லேப் வரட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாம். 20 லட்சம் ரூபாய்த் திட்டம் அது, சமவெளிப் பகுதியில் 1,500 சதுர அடி இடம் கேட்பார்கள். கிடைத்தால் நல்லது. கிடைக்காத பள்ளிதான் அதிகம்.

நம் ஊரில் பிரச்சினைக்குப் பஞ்சமில்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவதே நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் எடுத்தார்களா, திருப்பி அனுப்பினார்களா என்பதுதான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். சில பருவங்களில் தளர்வு கிடைத்ததுண்டு, ஆனால் அடிப்படைக் கணக்கு 17. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்குப் பாடம் நடத்தலாம்.

நான் பரிந்துரைக்கும் முதல் செயல்பாடு இதுதான்: 500 கிராம் ஈர நெல்லை ஒரே நாளில், அரிசி உடையாமல், 17 சதவீதத்துக்கு இறக்கும் உலர்த்தும் அமைப்பைச் செய்வது.

வாய்க்காலில் நீரோட்டம் அளப்பது, மதகு மாதிரி செய்வது எல்லாம் அருமையான செயல்பாடுகள்தான். ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம். மேட்டூர் திறந்து தண்ணீர் ஓடும் நாட்களில் நாற்பது பிள்ளைகளோடு வாய்க்கால் கரையில் நிற்கும் துணிச்சல் எனக்கில்லை.

2. பாடப்புத்தகத்தில் இடம் கண்டுபிடியுங்கள்

இதைச் செய்யாமல் தலைமையாசிரியர் அறைக்குள் போகாதீர்கள். "சிலபஸ் எப்போ முடிப்பீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

8ஆம் வகுப்பு வசதியானது. அறிவியலில் வெப்பம், மின்னியல் பாடங்கள் இருக்கின்றன. கணிதத்தில் வாழ்வியல் கணிதம் அலகில் சதவீதம் வருகிறது. 9ஆம் வகுப்பில் செய்தால் புள்ளியியலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கணித ஆசிரியரைத் தொடக்கத்திலேயே கூட்டு சேருங்கள். உங்கள் பாடவேளையை அவருக்கும் அவர் பாடவேளையை உங்களுக்கும் மாற்றி, வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் கிடைக்கும்படி செய்யுங்கள். ஒற்றைப் பாடவேளையில் பொருளை எடுத்து வைத்துத் திரும்பக் கட்டவே நேரம் சரியாகிவிடும். சதவீதம் நடத்தும் வாரமும் உங்கள் செயல்பாடும் ஒன்றாக விழுவது முக்கியம். இல்லாவிட்டால் கணக்கை நீங்கள் கரும்பலகையில் போட்டுக் காட்ட, பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள்.

3. எப்போது நடத்துவது

அக்டோபரில் குறுவை அறுவடை நடக்கும், வானம் இருட்டும், பிரச்சினை சூடாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும் மாதம் அதுதான். ஆனால் சோதனை செய்ய வெயில் வேண்டுமே. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஆட்சியர் விடுமுறை ஒருபக்கம், ஈரக்காற்று ஒருபக்கம். பாதியில் நிற்கும்.

முதல் முறை நடத்துபவர்கள் பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை நெல் கிடைக்கும், பகலில் நல்ல வெயில், காலையில் பனி ஈரம். ஆண்டுத் தேர்வு நெருக்கடியும் அப்போது தொடங்கியிருக்காது. பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு ஜனவரி கடைசி வாரத்தில் காகித வேலையை ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

மொத்தம் எட்டுப் பாடவேளை, மூன்று வாரத்தில் பரப்பிக்கொள்ளுங்கள். பிரச்சினையைப் பேசுவதற்கும் அளவைக்கும் இரண்டு, கணக்குக்கு ஒன்று, வரைபடமும் கட்டுமானமும் இரண்டு, மறுவடிவமைப்பும் அறிக்கையும் மூன்று. சோதனை நாள் மட்டும் தனி. அன்று காலை 10 முதல் 3 மணி வரை அரை மணிக்கொரு தடவை இரண்டு பிள்ளைகள் போய் எடை பார்த்து வர, மற்ற ஆசிரியர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

4. காகிதங்கள்

இங்கேதான் ஆள் களைத்துப்போவார். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம்: வகுப்பு, பாட அலகு, கற்றல் விளைவு, தேதிகள், செலவு, பாதுகாப்பு ஏற்பாடு. "ஸ்டெம்" என்ற வார்த்தையை ஒரு முறைக்கு மேல் போடாதீர்கள். அலகின் பெயரைப் போடுங்கள். அதற்குத்தான் கையெழுத்து கிடைக்கும்.

செலவுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம் என்பது விதி. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். மானியம் எந்த மாதம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் தீர்மானத்தை முன்கூட்டியே போட்டு வைத்துவிடுங்கள்.

ரசீதில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். தீர்மானத் தேதிக்கு முந்தைய தேதியிட்ட ரசீது தணிக்கையில் நிற்காது. ரசீது பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் அல்ல. தஞ்சாவூர் கீழவாசல் கடைகளில் கம்பி, வலை வாங்கும்போது துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். அச்சிட்ட ரசீதாகக் கேளுங்கள். தராசு நிலையான பொருள் என்பதால் அன்றைக்கே இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். வலை, மூங்கில், கம்பி எல்லாம் பயன்படுத்தித் தீரும் பொருள், தனிப் பக்கத்தில்.

கொள்முதல் நிலையத்துக்கோ களத்துக்கோ பிள்ளைகளை அழைத்துப் போவதானால் பெற்றோர் ஒப்புதல் கடிதம் அவசியம். தலைமையாசிரியர் அனுமதி போதுமா, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் எழுத வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டை அடுக்கும் நேரத்தில் கூட்டமாகப் போய் நிற்காமல், நீங்கள் மட்டும் முதல் நாள் போய் நேரம் கேட்டு வாருங்கள். "பசங்களுக்கு மாய்ச்சர் மெஷின் காட்டணும் சார், பத்து நிமிஷம் போதும்" என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அங்கே முடியாவிட்டால் பக்கத்து அரவை மில்லில் ஈரப்பதம் அளக்கும் அந்தக் கருவி இருக்கும்.

5. செலவு

முப்பத்தாறு பிள்ளைகள், ஆறு குழு என்று வைத்துக்கொண்டால்:

சமையலறை டிஜிட்டல் தராசு, 1 கிராம் துல்லியம், இரண்டு: ஒன்று சுமார் 400 ரூபாய்.
கொசுவலை, கருப்பு பாலித்தீன் ஷீட், கட்டுக்கம்பி, மூங்கில் பிளாச்சு: எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்குள்.
மழை எச்சரிக்கை மணிக்கான மின் பாகங்கள், இரண்டாம் சுற்றுக்கு: குழுவுக்கு 100 ரூபாய்.
ஈர நெல் 4 கிலோ: பெற்றோரில் ஒருவர் தருவார்.

மொத்தம் 2,200 ரூபாய். தராசுக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். ஸ்பிரிங் தராசை வைத்து இந்தச் செயல்பாட்டைச் செய்யவே முடியாது.

குழுவுக்கு 130 ரூபாய்க்கு மேல் பொருள் எடுக்கக் கூடாது என்று விலைப்பட்டியல் ஒட்டிவிடுங்கள். ஒரு சதுர அடி ஷீட் இத்தனை ரூபாய், ஒரு முழம் பிளாச்சு இத்தனை என்று. கட்டுப்பாடு இல்லாத இடத்தில் வடிவமைப்பு என்ற பேச்சே எழாது.

6. கட்டும் முன் கணக்கு

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம். கணக்கு முடியாமல் கத்தரிக்கோலைக் கொடுக்காதீர்கள்.

நெல்லை மில்லில் காட்டியபோது 22 சதவீதம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். தட்டில் 500 கிராம். 17 சதவீதத்துக்கு வர, தராசில் எத்தனை கிராம் காட்ட வேண்டும்?

எல்லா வகுப்பிலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான். "ஐநூறுல அஞ்சு சதவீதம் இருபத்தஞ்சு. நானூத்தி எழுபத்தஞ்சு வந்தா போதும் டீச்சர்." உடனே தவறு என்று சொல்லிவிடாதீர்கள். 475ஐப் பலகையில் எழுதி, "இதுல தண்ணி எவ்வளவு, நெல்லு எவ்வளவு?" என்று கேளுங்கள்.

500 கிராமில் 22 சதவீதம் என்றால் தண்ணீர் 110 கிராம், மீதி 390 கிராம். வெயிலில் போவது தண்ணீர் மட்டும். 390 அப்படியே இருக்கும். 475 கிராமில் 390 போக 85 கிராம் தண்ணீர். 85ஐ 475ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 17.9 சதவீதம். கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரியான விடைக்கு, 390 என்பது மொத்தத்தில் 83 சதவீதமாக இருக்க வேண்டும். 390ஐ 0.83ஆல் வகுத்தால் 469.9 கிராம்.

அந்த ஐந்து கிராம் வித்தியாசத்தில்தான் கணிதம் உள்ளே வருகிறது. இதையே 40 கிலோ மூட்டைக்குப் போடச் சொல்லுங்கள்: போக வேண்டிய தண்ணீர் 2 கிலோ அல்ல, சுமார் 2.4 கிலோ. வீட்டில் நெல் போடும் பிள்ளைகள் இந்தக் கணக்கை அன்று இரவே அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள்.

ஏன் 500 கிராம், 50 கிராம் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 50 கிராம் நெல்லில் 3 கிராம்தான் குறையும். 1 கிராம் துல்லியத் தராசு அதில் எதையும் சொல்லாது.

அடுத்தது தட்டின் அளவு. லிட்டர் குவளையில் நெல்லை நிரப்பி எடை போடச் சொல்லுங்கள். 550 முதல் 600 கிராமுக்குள் வரும். அப்படியானால் 500 கிராமுக்குச் சுமார் 850 கன சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டர் கனத்தில் பரப்ப 425 சதுர சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 20க்கு 20 தட்டு. ஒரு சென்டிமீட்டர் கனம் என்றால் 29க்கு 29. தட்டின் அளவை நீங்கள் சொல்லாதீர்கள். கனத்தை அவர்களே முடிவு செய்து அளவுக்கு வரட்டும்.

நேரம் இருந்தால் ஒரு டன்னுக்கும் போடலாம். 2 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு டன் ஈர நெல்லைப் பரப்பச் சுமார் 85 சதுர மீட்டர் வேண்டும், இரண்டு சென்ட்டுக்குச் சற்று மேல். நெல்லை ஏன் தார் ரோட்டில் கொட்டிக் காயவைக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

7. வரைவது, கட்டுவது

ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு வரைபடம், அளவுகளோடு. அதன் பிறகுதான் குழு. நேராகக் குழுவில் உட்கார்ந்தால் சத்தம் போடுகிற பிள்ளையின் யோசனைதான் ஜெயிக்கும்.

தரையிலிருந்து உயர்த்திய வலைத்தட்டு, அடியில் கருப்பு ஷீட், மேலே கூரைபோல் ஷீட் போட்டு இரு முனையும் திறந்த சுரங்கம் என்று பலவிதமாக வரும். நான்கு பக்கமும் ஷீட்டால் மூடிக் கட்டும் குழு ஒன்று நிச்சயம் இருக்கும். தடுக்காதீர்கள். மதியத்துக்குள் ஷீட்டின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். நெல்லின் எடை பெரிதாகக் குறைந்திருக்காது. சூடு மட்டும் போதாது, ஈரம் வெளியேற வழியும் வேண்டும் என்பதை வெப்பம் பாடத்தைவிட அந்த ஷீட் நன்றாக நடத்தும்.

ஆண் பிள்ளைகள் அறுப்பது, ஆணியடிப்பது, பெண் பிள்ளைகள் நோட்டில் எழுதுவது என்று தானாகவே பிரிந்துவிடும். நீங்கள் தலையிட்டால் ஒழிய மாறாது. பாடவேளைக்குப் பாடவேளை வேலையை மாற்றுங்கள்.

8. சோதனை நாள்

முந்தின நாள் மாலை நெல்லை வாங்கி, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடுங்கள். சாக்குப் பையில் வைத்தால் காலைக்குள் ஈரப்பதம் மாறிவிடும், 22 என்ற எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. காய்ந்த நெல்லை ஊறவைத்து ஈர நெல் செய்யலாம் என்ற யோசனை வரும். உமியின் மேல் நிற்கும் தண்ணீர் அரை மணியில் போய்விடும், எடை குறைவதை வைத்துப் பிறகு போடும் வளைகோடு பொய் சொல்லும்.

வெறும் தட்டின் எடையை மார்க்கரால் தட்டிலேயே எழுதிவிடுங்கள். ஆறு குழுவின் தட்டுகளோடு ஏழாவதாக ஒன்று: சிமெண்ட் தரையில் சும்மா பரப்பிய 500 கிராம். இது இல்லாவிட்டால் யாருடைய அமைப்பு எவ்வளவு உதவியது என்று சொல்லவே முடியாது. மீதி அரை கிலோ கையிருப்பு, எப்படியும் ஒரு தட்டு கவிழும்.

கோழி, அணில், சிட்டுக்குருவி: இவை சாப்பிட்டதும் எடைக்குறைவுதான், தராசுக்கு வித்தியாசம் தெரியாது. தரையில் பரப்பிய நெல் மற்றெல்லாவற்றையும்விட வேகமாகக் "காய்ந்தால்" முதலில் கோழியைச் சந்தேகியுங்கள். கிண்டிவிடும்போது சிந்துவதும் அப்படியே. தட்டுக்குக் கீழே ஒரு செய்தித்தாள் விரித்துவிட்டால் சிந்தியதைத் திரும்பப் போடலாம்.

மதியம் ஒரு மழை ஒத்திகை வையுங்கள். விசில் அடித்ததும் மூன்று நிமிடத்தில் நெல் நனையாதபடி மூட வேண்டும். பூவாளியால் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கலாம். வேகமாகக் காயவைத்த அமைப்பு இதில் தோற்கும், மூடி வைத்தது ஜெயிக்கும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்று அங்கேதான் வாதம் கிளம்பும்.

மாலையில் ஒவ்வொரு தட்டிலிருந்தும் 100 நெல்லைக் கையால் உரித்து, உடைந்த அரிசியை எண்ணுங்கள். மிக வேகமாகக் காய்ந்த நெல்லில் விரிசல் அதிகம் வரும். எண்ணிக்கையே சதவீதம், தனியாக வகுக்க வேண்டியதில்லை.

9. இரண்டாம் சுற்று கட்டாயம்

ஒரே சோதனையோடு முடித்துப் பரிசு கொடுத்துவிடுவது பெரிய பொறி. அரை மணி எடைகளை வைத்து வரைபடம் போடச் சொல்லி, கோடு எங்கே தட்டையானது என்று கேளுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றத்துக்கு மட்டும் அனுமதி: கனம், உயரம், திறப்பு, இதில் ஏதாவது ஒன்று. மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் மாறியது என்று யாருக்கும் தெரியாது.

கூடவே மழை எச்சரிக்கை மணியைச் சேர்க்கலாம்: 9 வோல்ட் பேட்டரி, ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை, பஸ்ஸர், அலுமினியத் தாளில் வெட்டிய இரண்டு பட்டைகள். பட்டைகளுக்கு நடுவே உப்புத் தடவிய துணி வைத்தால் ஒரு சொட்டு மழைக்கே கத்தும். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் உப்பு மழையில்லாமலே கத்தவைக்கும். அதைத் தீர்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

அரசின் நடமாடும் அறிவியல், கணித ஆய்வகத் திட்டமான வானவில் மன்றம் நடக்கும் பள்ளியாக இருந்தால், கருத்தாளர் வரும் நாளை இந்த மின்சுற்று வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

10. மதிப்பெண்

வளரறி மதிப்பீடு (அ) பகுதியின் 20 மதிப்பெண்ணுக்கான செயல்பாடுகளில் ஒன்றாக இதை வையுங்கள். அறிவியல் ஆசிரியர் அளவீட்டு அட்டவணைக்கும் மாற்றத்துக்குச் சொன்ன காரணத்துக்கும் போடட்டும். கணித ஆசிரியர் 469.9க்கு வந்த வழிக்கும் எடை வரைபடத்துக்கும் போடட்டும். அழகுக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மினுமினுப்புத் தாளும் வீட்டில் அண்ணன் செய்து கொடுத்த மாடலும் வந்து சேரும். தோற்ற அமைப்புக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வழியிருக்க வேண்டும். காரணம் சரியாக எழுதியிருந்தால் கொடுத்துவிடுங்கள்.

11. நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள்

பிப்ரவரியில் எழுதிய குழு நோட்டுதான் அடுத்த கல்வியாண்டின் இன்ஸ்பயர் மானக் (மாணவர்களின் புதிய யோசனைகளுக்கான மத்திய அரசு விருது) விண்ணப்பத்துக்கு மூலம். பள்ளிக்கு 5 யோசனைகள் வரை அனுப்பலாம்; தேர்வானால் மாணவரின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வரும். கல்வியாண்டின் முதல் பாதியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடுவதால், ஜூனில் புதிதாக யோசிக்கத் தொடங்கினால் அவசரத்தில் எங்காவது பார்த்ததைத்தான் எழுதுவார்கள். கையில் அளவீடு இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை.

கணக்கு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பெயரும் பாஸ்புக்கில் இருக்கும் பெயரும் ஓர் எழுத்து, ஓர் இன்ஷியல் மாறினாலும் பணம் சிக்கிக்கொள்ளும். விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்புக்கின் முதல் பக்கத்தை வாங்கிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, திருத்தம் வேண்டியவர்களைக் கோடை விடுமுறைக்கு முன்பே வங்கிக்கு அனுப்பிவிடுங்கள். நடவு, அறுவடை நாட்களில் பெற்றோருக்கு வங்கிக்குப் போய் வர நேரம் இருக்காது.